அரக்கு உடையாத பாட்டில்

அய்யய்யோ, அந்த அரக்கை மட்டும் தொட்டுடாதீங்க ஏட்டையா! மூடி மேல செவப்பா, கெட்டியா இருக்குது பாருங்க, அதேதான். பாட்டிலை எப்பிடி வேணாலும் பாத்துக்குங்க. குலுக்கிப் பாருங்க, வெயில்ல தூக்கிப் புடிங்க, தட்டிப் பாருங்க. மோந்து பாக்கணும்னா வெளியில இருந்தே மோந்துக்குங்க. அரக்கு மட்டும் உடையக் கூடாது. அது உடைஞ்சுதுன்னா நான் குடிக்கலன்னு ஒலகத்துல ஒருத்தன் நம்பமாட்டான். எம் பொண்டாட்டி நம்பமாட்டா. நானே நம்பமாட்டேன்.

ஆமாங்க, சரக்குதான். சே, நாக்கு பழசையே சொல்லுது. திராட்சை ரசம். கோயில்ல பூசைக்கு வெக்கிறது. நாளைக்கு எங்களுக்குப் பெரிய வியாழன், சாயங்காலப் பூசை, இது இல்லாம ஆகாது. பர்மிட்டா? இந்த மதுவிலக்கு கேட்டுக்கு அது இல்லாம வருவேனா, மடியில பத்திரமா வெச்சிருக்கேன். இந்தாங்க. கீழ சர்க்கார் முத்திரை, பக்கத்துல எங்க சாமியாரு கையெழுத்து. பிரெஞ்சு தேசத்துக்காரரு, கோழி கிளறுன மாதிரி போட்டிருப்பாரு. பேரு இன்னாசிமுத்து, ஊரு ராயப்பன்கொட்டாய், வேலை கோயில் மணி அடிக்கிறது. பொழப்புக்கு நான் மாட்டுக்கு லாடம் அடிக்கிறவன்தான். சர்க்காருக்கு எழுதறப்ப மணி அடிக்கிறவன்னு போட்டுட்டாரு. குடிகாரன்னு போடாம விட்டாரே, அதுவே பெரிய மனசு.

எல்லாம் சரியா இருக்குதுங்களா? அப்ப நான் போலாமா? போறேன், போறேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. பாட்டிலை எங்கிட்ட நீட்டாதீங்க, அந்த மேசை மேலயே இருக்கட்டும். நெழல்ல கொஞ்ச நேரம் இருந்தா ரசத்துக்கு நல்லதாம். நான் இந்தப் பக்கம் கல்லு மேல உக்காந்துக்கறேன். உங்களுக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?

என்னை அடையாளம் தெரியல பாத்தீங்களா? மீசையை எடுத்துட்டேன், அதான். மெஹபூப் பாஷா ஏட்டையா, உங்க கையால நான் ரெண்டு தடவை உள்ள போனவன். ஓசூர் சந்தையில, எருதைச் சாய்ச்சுக் காலைக் கட்டறேன்னு சொல்லிட்டு எருதோட சொந்தக்காரன் காலைக் கட்டினேன்ல, அந்த இன்னாசி. ஹாங், இப்பச் சிரிக்கிறீங்க! அவன் கத்தறான், நான் எருது மிரளுதுன்னு நெனச்சு இன்னும் இறுக்கறேன். லாடத்தை எடுத்து அவன் குதிகாலுக்கு அளவு பாக்கறப்பதான் நீங்க வந்து என் சட்டையைப் புடிச்சீங்க. நல்லவேளை வந்தீங்க, ஆணியை அப்பத்தான் எடுத்து உதட்டுல கவ்வியிருந்தேன்.

கோவிச்சுக்காதீங்க, ஒரு உண்மையைச் சொல்றேன். உங்க லாக்கப்புல படுத்தேனே, அப்ப மாதிரி நிம்மதியா நான் எங்கயும் தூங்கினதில்ல. வெளியில நூறு யோசனை வரும். இந்த வழியாப் போனா அவன் ஊடு, அந்த வழியாப் போனா இவன் கொல்லை, ஈச்சமரத்துல எவனாவது கள்ளுப் பானை கட்டியிருப்பானா, இப்பிடியே மனசு அலையும். கதவைச் சாத்தி நீங்க பூட்டு போட்டீங்க பாருங்க, மனசு பொட்டுனு அடங்கிப் போச்சு. சாமியாருகிட்டக் கூடச் சொல்லியிருக்கேன், பாவத்துக்குப் பரிகாரமா நீங்க குடுக்கற செபத்தைவிட பாஷா ஏட்டையா போட்ட பூட்டு எனக்கு நல்லா வேலை செஞ்சுதுங்கன்னு. அவரு சிரிச்சாரு, அப்பறம் அதுக்கும் சேத்து செபம் குடுத்தாரு.

குடிய விட்டாச்சுங்க. போன தபசு காலத்துல விட்டது, இந்தத் தபசு காலம் முடியப் போவுது. தபசுன்னா எங்க நோன்பு, உங்க ரமலான் மாதிரி வெச்சுக்குங்க, ஆனா உங்க அளவுக்குக் கஷ்டமில்ல, தண்ணி குடிக்கலாம். எந்தத் தண்ணின்னு கேக்காதீங்க.

நம்பமாட்டீங்கன்னு தெரியும். அருளாயியும் நம்பல. எம் பொண்டாட்டி. அவ தெனமும் சாயங்காலம் வாசல்ல நிக்க வெச்சு, ஊதுய்யாம்பா. நான் வாயைத் தொறந்து அவ மூஞ்சில ஊதணும். அதுக்கப்பறந்தான் ஊட்டுக்குள்ள கால் வெக்கலாம். ஒருநாள் வெங்காயம் தின்னுட்டுப் போயிட்டேன். எதை மறைக்கறதுக்கு வெங்காயம் தின்னேன்னு கேட்டு வாசல்லயே படுக்க வெச்சுட்டா. உங்க டிப்பார்ட்மெண்டுல சேத்துட்டீங்கன்னா இந்தக் கேட்டுக்கு அவ ஒருத்தி போதும்.

இந்த ஓசூரை மைசூரோட சேக்கணும்னு அங்க ஒரு கூட்டம் கத்துது, கூடாதுன்னு இங்க ஒரு கூட்டம் கத்துது பாருங்க, அதுல எனக்கு ஒரே கவலைதான். பாஷை எனக்குப் பிரச்சனை இல்லைங்க. தமிழு, தெலுங்கு, கன்னடம், மூணுலயும் குடிச்சுட்டு ஒளறியிருக்கேன். ஆனா இந்தப் பக்கம் மதுவிலக்கு, அந்தப் பக்கம் மூலைக்கு மூலை கடை. ஓசூரை அவங்களோட சேத்துட்டாங்கன்னா கடை எங்க கொட்டாய் வாசலுக்கே வந்துடும். அப்பறம் என் கதி? சர்க்கார் சட்டம் ஒரு பக்கம் புடிச்சுக்குது, அருளாயி ஒரு பக்கம் புடிச்சுக்கறா, சாமியாரு ஒரு பக்கம் புடிச்சுக்கறாரு. இதுல ஒருத்தரு கையை விட்டாலும் நான் விழுந்துடுவேன்.

அதோ ஓசூர் பஸ்ஸு வருது, பாத்தேன். போகட்டும் விடுங்க, நிக்க எடமில்ல. காலியா இருக்குதுங்களா? எனக்கு இங்க இருந்து சரியாத் தெரியல. அடுத்ததுல போறேன்.

நீங்க கேட்டதும் சரிதான். குடிகாரனா இருந்தவன் கையில இதை யாரு குடுத்து அனுப்புவாங்க? அதைத்தான் எங்க ஊரே கேட்டுச்சு. எப்பவும் சாமியாருக்கு ஒத்தாசையா இருக்கற உபதேசியாருதான் பெங்களூரு போயி வாங்கிட்டு வருவாரு. அவருக்குப் பொன்னுக்கு வீங்கி. ரெண்டு கன்னமும் பூசணிக்காய் மாதிரி ஆயி, வாயைத் தொறக்க முடியாம படுத்துக் கெடக்கறாரு. இருந்த பாட்டிலைச் சாமியாரு திங்கக்கெழமை தொறந்து ஒரு சொட்டு வாயில வெச்சாரு, மொகம் கோணிப்போச்சு. புளிச்சுக் காடியாயிடுச்சு. காடியை வெச்சுப் பூசை பண்ணக் கூடாதாம். பெரிய வியாழன்ல பூசை இல்லைன்னா ஊருக்கே அது பெரிய கொறை ஏட்டையா, உங்களுக்குப் பெருநாள் தொழுகை இல்லாமப் போன மாதிரி.

உடனே ஆளாளுக்கு நான் போறேன் நான் போறேன்னு நிக்கறாங்க. பெங்களூரு பாக்கலாம்ல. சாமியாரு எல்லாரையும் பாத்தாரு. பாத்துட்டு, தமிழை மென்னு மென்னு சொல்றாரு, இன்னாசி போவான்னு. படுத்துக் கெடந்த உபதேசியாரு சேதி கேட்டு, வீங்கின கன்னத்தோட எந்திரிச்சு வந்து, வேணாம் வேணாம்னு கையை ஆட்டறாரு. பேச முடியல, அதனால தப்பிச்சேன். இல்லைன்னா என் பாவம் பூராவும் வரிசையாச் சொல்லியிருப்பாரு.

நானும் சொன்னேங்க. சுவாமி, எனக்கு இது வேணாம், ஊட்டு நாயைக் கறிக்குக் காவல் வெக்கிறீங்கன்னேன். அவரு என் தோளைத் தட்டி, உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்குதுன்னுட்டாரு. அதுதான் ஏட்டையா அநியாயம். தலையில கல்லைத் தூக்கி வெச்சாக்கூட மரத்தடியில எறக்கி வெச்சுட்டு மூச்சு வாங்கலாம். நம்பிக்கையை வெச்சா எங்க எறக்கறது?

இதுக்கு மேல இன்னொண்ணும் இருக்குது. பெரிய வியாழன்ல பன்னெண்டு பேரு காலைச் சாமியாரு கழுவுவாரு. சேசுநாதரு தன் சீடருங்க காலைக் கழுவினாருல்ல, அதுக்காக. ஊர்ல பன்னெண்டு ஆம்பளைங்களைப் பொறுக்கிப் பீடத்துக்கு முன்னாடி பெஞ்சுல வரிசையா உக்கார வெப்பாங்க. மொத எடம் ராயப்பருக்கு, அவருதான் சீடருங்களுக்குத் தலைவரு. கடைசி எடம் யூதாசுக்கு, குருவையே காட்டிக் குடுத்தானே, அவனுக்கு. சாமியாரு அப்பிடியெல்லாம் சொல்லல, இது எங்க ஊரு வெச்ச கணக்கு. அந்தக் கடைசி எடத்துக்கு எவன் வருவான்? உக்காந்தவனை அடுத்த வருசம் வரைக்கும் பொடிசுங்க யூதாசு யூதாசுன்னு கூப்புடும். பொண்ணு கேட்டுப் போனா குடுக்கமாட்டாங்க. ஊர்ப் பெரியவங்க யோசிச்சாங்க, இன்னாசியைக் கூப்புடு, அவனுக்கு இனிமே கெட என்ன இருக்குதுன்னாங்க. வருசா வருசம் யூதாசு நாந்தான். எனக்கு அதுல வருத்தமில்லைங்க. வருசத்துல ஒருநாளு காலாவது சுத்தமாச்சு.

இந்த வருசம் சாமியாரு பிரசங்கத்துலயே சொல்லிட்டாரு, ராயப்பர் எடத்துல இன்னாசி உக்காருவான்னு. மொத எடம்! அன்னிக்கு அருளாயி எனக்கு முன்னாடியே வேகமா நடந்துட்டா. ஊட்டுக்கு வந்ததும் என் காலைப் பாத்தா. பாளம் பாளமா வெடிச்ச காலு. இந்தக் காலைத் தூக்கிட்டு ராயப்பரு எடத்துல உக்காரப் போறியான்னு சொல்லிட்டு, வெளக்கெண்ணெயைக் காய்ச்சிக் கொண்டாந்து உக்காந்து தேய்க்க ஆரம்பிச்சுட்டா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ என் காலைத் தொட்டதில்ல. குடிச்சுட்டுக் கெடக்கறப்பக் காலைப் புடிச்சு வாசலுக்கு இழுத்துப் போட்டது வேற. எனக்கு அழுகை வந்துடுச்சு ஏட்டையா. எண்ணெ சுடுதுன்னு சொல்லிச் சமாளிச்சேன். அன்னியில இருந்து தெனமும் தேய்ச்சு விடறா. இந்தா பாருங்க, பாதம் எப்பிடி இருக்குது? மாப்பிள்ளை பாதம்! இந்தப் பாதத்தை வெச்சுகிட்டு நாளைக்கு அந்தப் பெஞ்சுல நான் உக்காரணும். அவ பொம்பளைங்க பக்கத்துல மொத வரிசையில இருந்து பாக்கணும். இதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்.

சரி, பெங்களூருக்கு வர்றேன். அங்க சாமியாருங்க மடம் ஒண்ணு. ரசம் காய்ச்சற எடம் பூமிக்குக் கீழ. படியில எறங்கறப்பவே வாசம் வந்து மூக்கைப் புடிச்சுகிச்சு. பீப்பாயி பீப்பாயா, யானை யானையா நிக்குது. அங்க இருந்த பிரதரு மலையாளத்துக்காரரு. தங்கமான மனுசன். ஒரு கிண்ணியில கொஞ்சம் ஊத்தி, ருசி பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க, அப்பறம் புளிப்புன்னு சொல்லக் கூடாதுன்னு நீட்டறாரு. வாயைத் தொறந்தா சரின்னுதான் வரும்னு எனக்குத் தெரியும். அதனால வாயை இறுக்க மூடிகிட்டுத் தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன்னு இப்ப வரைக்கும் எனக்கே சந்தேகம். அவரு வேணாம்னு எடுத்துகிட்டாரு. அவரு நல்லவரு, அப்பிடித்தான் எடுத்துக்குவாரு.

அரக்கு ஊத்தறப்ப நான் சொன்னேன், பிரதர், இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னு. ஊத்தினாரு. இன்னும் கொஞ்சம்னேன். என்னய்யா, கப்பல்லயா போவுதுன்னு கேட்டாரு. இல்ல பிரதர், எங்கூடப் போவுதுன்னேன்.

அது மொத சோதனை. ரெண்டாவது பஸ்ஸுல. பாட்டிலை மடியில வெச்சு ரெண்டு கையாலயும் கட்டிப் புடிச்சுகிட்டு உக்காந்தேன். ரோடு எப்பிடின்னு உங்களுக்குத் தெரியாததா? ஒவ்வொரு பள்ளத்துக்கும் உள்ள களக் களக்னு சத்தம். என் பேரைக் கூப்புடற மாதிரியே இருக்குது. பக்கத்துல ஒரு கன்னடக்காரம்மா. வயசானவங்க. என்னப்பா இது மருந்தான்னு கேட்டாங்க. வம்பு எதுக்குன்னு ஆமாம்மான்னேன். யாருக்குன்னாங்க. ஊருக்கேன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான், அந்தம்மா முட்டியைத் தடவிகிட்டு, அப்பக் கொஞ்சம் எனக்கும் ஊத்துப்பா, நடக்கவே முடியல, புண்ணியமாப் போவும்னு கையை நீட்டிட்டாங்க. உள்ளங்கையைக் குழிச்சு வெச்சுகிட்டாங்க.

பசாசு எவ்வளவு நல்ல மனசோட வருது பாருங்க! குடிக்க வான்னு கூப்புட்டிருந்தா நான் சுதாரிச்சிருப்பேன். இது என்னடான்னா தருமம் பண்ணுன்னு கூப்புடுது. என் மனசும் ஒடனே எரக்கப்பட ஆரம்பிச்சுடுச்சு. பாவம் வயசான அம்மா, ஒரு மூடி குடுத்தா என்ன, சேசுநாதரே நோயாளிங்களுக்கு எரங்கினவரு, குடுத்துட்டு மூடியில ஒட்டினதை மட்டும் வீணாக்காம நாம... நம்புங்க ஏட்டையா, என் கூடப் பொறந்த தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்லாதப்பக் கூட எனக்கு இவ்வளவு எரக்கம் வந்ததில்ல. அப்பறம், அம்மா இது வெளியில பூசற மருந்து, மாட்டுக்குன்னு சொன்னேன். பொய்தான். அதுக்கு ஈஸ்டருக்கு முன்னாடி சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கறேன்.

மூணாவது, எல்லைக்கு அந்தண்ட அத்திப்பள்ளியில. பஸ்ஸு அங்க கொஞ்ச நேரம் நிக்கும்ல. சன்னலண்ட திம்மப்பன் நிக்கறான். வண்டிக்காரன். அவன் மாட்டுக்கு நான் லாடம் அடிப்பேன், கூலிக்குப் பதிலா ரெண்டு பேரும் மாரம்மா கடைக்குப் போவோம், அப்பிடிப்பட்ட சிநேகிதம். டேய் இன்னாசி, உயிரோட இருக்கியான்னான். மடியில இருந்ததைப் பாத்தான். சொன்னேன், இது கோயிலுது, அரக்கு போட்டது, தொடக் கூடாதுன்னு. அவன் என்ன சொன்னான்னு கேளுங்க. அதை யாருடா கேட்டா, சாமியுது சாமிக்குப் போவட்டும், மாரம்மா கடையில இருக்கறது நம்முளுது, அதைக் குடிச்சுட்டு வா, அரக்கு அரக்காவே இருக்கும், யாரு கேக்கப் போறாங்கன்னு.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இந்த வழி எனக்குத் தோணவே இல்லைங்க! நான் பெங்களூர்ல இருந்து இந்த அரக்கையே பாத்துகிட்டு வர்றேன், இது உடையாம இருந்தா நான் யோக்கியன்னு. திம்மப்பன் படிக்காதவன், ஒரே பேச்சுல ஒடைச்சுட்டான். கொய்யாத் தழையை மென்னுக்கோ, ஊருக்குப் போறதுக்குள்ள வாசமும் போயிடும்னு அதுக்கும் வழி சொல்றான். வக்கீலாப் போயிருக்க வேண்டியவன்.

அப்பறமா? எப்பிடித் தப்பிச்சேன்னா... பெருமையாச் சொல்லணும்னு ஆசைதான். ஒரு காலு பஸ்ஸு படியில, ஒரு காலு தரையில. அப்ப கண்டக்டரு விசில் ஊதிட்டாரு. வண்டி நகந்துடுச்சு. தரையில இருந்த காலைத் தூக்கறதா, படியில இருந்த காலை எறக்கறதான்னு நான் முடிவு பண்றதுக்குள்ள பின்னாடி வந்தவன் என்னை உள்ள தள்ளிட்டான். அவன் யாருன்னு பாக்கக்கூட இல்ல. அவனுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தணும்.

சேசுநாதருக்கே வனாந்தரத்துல மூணு சோதனைதான் ஏட்டையா. அவரு மூணுலயும் ஜெயிச்சாரு. நானும் மூணுலயும் ஜெயிச்சேன்னு வெளியில சொல்லிக்கலாம். மொதல்ல தலை ஆட்டினது பிரதருக்கு வேற மாதிரி தெரிஞ்சுது, ரெண்டாவதுல பொய் சொன்னேன், மூணாவதுல ஒருத்தன் தள்ளிவிட்டான். எது எப்பிடியோ, அரக்கு உடையல.

என்ன? அடுத்த பஸ்ஸும் வந்துடுச்சா? ஆமா, காலியாத்தான் இருக்குது. காலியாப் போற பஸ்ஸுல நான் ஏறமாட்டேன். இல்லைங்க, வெளையாடல. நீங்க கோவப்படாதீங்க. பர்மிட்டு சரியா இருக்குது, யாரும் என்னைப் புடிச்சு வெக்கல, எனக்கே தெரியுது. கொஞ்சம் தண்ணி குடுங்க. பானைத் தண்ணி போதும். காலையில இருந்து ஒருசந்தி, வயித்துல ஒண்ணுமில்ல.

அல்லாவே, சேசுவே, உங்க தண்ணி எவ்வளவு நல்லா இருக்குது. உங்க ஊடு மத்திகிரிதானுங்களே? எங்க கொட்டாயிக்கு அதைத் தாண்டித்தான் போவணும். பஸ்ஸு ரோட்டுல எறக்கி விட்டுட்டுப் போயிடும். அங்க இருந்து ஏரிக்கரை மேல ஒத்தையடிப் பாதை, ரெண்டு பக்கமும் ஈச்சம்புதரு, அந்தண்ட ராகி அறுத்த காடு. இந்த வெயில்ல ஒரு ஆடு மாடு இருக்காது. நானும் அந்தப் பாட்டிலும் மட்டுந்தான் போவணும்.

ட்யூட்டி முடிய எவ்வளவு நேரம் ஆவும்னு தெரிஞ்சுக்கலாமா? இல்ல, சும்மாதான். அதோ சைக்கிள்ல வர்றாரே, கரியப்பன் போலீசுதானே? உங்களை மாத்தி விடறதுக்கு வர்றாரா? அப்பாடா. மாதாவே, வந்துட்டாரு.

நான் வந்ததும் கேட்டீங்கல்ல, யாரும் நிறுத்தாம நீ எதுக்கு எறங்கினேன்னு. நான் பேச்சை மாத்தினேன். இப்பச் சொல்றேன். பஸ்ஸு உங்க கேட்டைத் தாண்டி போயிட்டிருந்துச்சு, நாந்தான் நிறுத்து நிறுத்துன்னு கத்தினேன். பஸ்ஸுல இருந்தவங்கல்லாம் எவனோ திருடன் ஏறிட்டான்னு பயந்துட்டாங்க. அத்திப்பள்ளியில அந்தக் கன்னடக்காரம்மா எறங்கிட்டாங்க, பாதிக் கூட்டம் எறங்கிடுச்சு. பின் சீட்டுல நான் மட்டும். திம்மப்பன்கிட்டத் தப்பிச்சோமேன்னு சந்தோசமா செபமாலையை எடுத்துச் சொல்ல ஆரம்பிச்சேன். கண்ணை மூடி, நல்லா பக்தியாத்தான் சொன்னேன். கண்ணைத் தொறந்து பாக்கறேன்...

இந்த வலது கட்டைவிரலைப் பாருங்க. நகத்துக்குள்ள. மருதாணி இல்லைங்க. பாட்டிலை அந்தப் பக்கம் திருப்புங்க, அரக்கு ஓரத்துல ஒரு பொக்கை இருக்கும். உடையல, கொஞ்சம் பேந்திருக்குது. வாயி அருள் நிறைஞ்ச மரியேன்னு சொல்லிகிட்டிருந்துச்சு ஏட்டையா, சத்தியமா சொல்லிகிட்டிருந்துச்சு. கையி அது பாட்டுக்கு நகத்தால சொரண்டிகிட்டிருந்துச்சு. பயந்துட்டேன். திம்மப்பன் வந்தா தெரியுது, பசாசு வந்தாக்கூட கொஞ்சம் தெரியுது. எங்கையே வந்தா நான் எப்பிடிப் பாக்கறது?

அப்பத்தான் சன்னல்ல உங்க கேட்டு தெரிஞ்சுது. நீங்க நின்னுகிட்டிருந்தீங்க.

சிரிக்காதீங்க பாய். பாய்னு சொல்லலாமில்ல, ட்யூட்டிதான் முடிஞ்சுதே. உங்க சைக்கிளை எடுங்க. பாட்டிலை நீங்க முன்னாடி கைப்புடியில மாட்டிக்குங்க, நான் பின்னாடி உக்காந்துக்கறேன். ஏத்தத்துல நான் எறங்கித் தள்ளறேன். எங்க சாமியாரு கையில நீங்களே குடுத்துடுங்க. உங்க ஊட்டுக்குப் போக நேரமாவும், தெரியும். அருளாயி களி கிண்டி வெச்சிருப்பா, சாப்புட்டுட்டுப் போலாம். அந்தக் கைவெலங்கும் இருக்கட்டும், எடுத்துக்குங்க. ரெண்டு கைக்கும் வேணாம், வலது கையை மட்டும் சீட்டுக் கம்பியோட மாட்டிடுங்க.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லி வெக்கறேன். ஏரிக்கரை வந்ததும் நான் பேச ஆரம்பிப்பேன். கை வலிக்குதும்பேன், எனக்கு இப்பத் தெளிஞ்சு போச்சும்பேன், நீங்க வீணாக் கஷ்டப்படறீங்க, குடுங்க நானே கொண்டு போறேன்னு அழுவேன்கூட. நான் நல்லாப் பேசுவேன் பாய், இவ்வளவு நேரம் கேட்டீங்களே. ஒரு வார்த்தை கேக்காதீங்க. மிதிச்சுகிட்டே இருங்க.